மருந்தைச் சோதிக்கும் நெஞ்சம்

புதிய மருந்தொன்றை ஆக்கியவர் அதனை முதன்முதல் எவ்வுயிர்க்கு ஊட்டிப் பார்ப்பது? சென்ற நூற்றாண்டில் இக்கேள்விக்கு எலியும் முயலும் நாயுமே பெரும்பாலும் விடையாக இருந்துவந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1938ஆம் ஆண்டின் சட்டத்தை அடியொற்றி விலங்குச் சோதனை மருந்து செய்வோர்க்குக் கடமையாயிற்று. அக்கட்டாயத்தை அந்நாடே 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நீக்கிவிட்டது. நம் இந்திய அரசாங்கமும் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, சோதனைச்சாலையில் வளர்த்த மனித உயிரணுக்களைக் கொண்டு செய்யும் பரிசோதனைகளுக்கும் இடமளித்தது. இதனை வாயில்லாப் பிராணிகளிடத்துக் காட்டிய இரக்கமென்று மட்டும் கொண்டு மகிழ்வோர் பலர். இரக்கம் நன்றே, அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், மனிதன் உண்ணும் மருந்துக்கு மனித உடலே சாட்சி சொல்லவேண்டும் என்னும் நியாயமே இத்திருத்தத்தின் உயிர்நிலை என நமக்குத் தோன்றுகின்றது. அந்நியாயத்தை ஒப்புக்கொண்டோமாயின் அடுத்த கேள்வி தானே வந்து நிற்கும்: எந்த மனிதனுடைய உடல்? இக்கேள்வியை மதுரையில் இருந்துகொண்டு கேட்பதற்கு நமக்குத் தனிக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மருந்து செய்யும் தீங்குகளில் இருதயத்தைப் பற்றியதே மிகக் கொடியது. ஏனெனில் அது பல சமயங்களில் முன்னறிவிப்பின்றி வருகின்றது. டெர்ஃபெனடின் என்பது தும்மலுக்கும் தடிப்புக்கும் கொடுத்துவந்த ஒரு மாத்திரை. உண்டவர்க்கு உறக்க மயக்கம் தாராமையால் அது பெரும்புகழ் பெற்றது. தனியே உண்டபொழுது கல்லீரல் அதனை விரைவில் வேறொரு பொருளாக மாற்றிவிடும், தீங்கில்லை. ஆனால் அதனோடு எரித்ரோமைசின் போன்ற பிறிதொரு மருந்தையும் உண்டவர்களிடத்துக் கல்லீரலின் வேலை தடைப்பட்டது. மாறாத மாத்திரை இரத்தத்தில் மிகுந்து இருதயத்தை அடைந்தது. சிலர் நாடித் துடிப்பு நிலைகுலைந்து இறந்தனர். 1998ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையினின்றும் அது நீக்கப்பெற்றது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடு என்னும் மருந்தும் இத்தகைய தீங்கினாலேயே 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சந்தையை விட்டு அகன்றது; நம் நாட்டில் அதற்குத் தடை வந்தது 2011ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட பதினோராண்டுகளை நம் வாசகர் கருத்திற்கொள்வாராக.

இத்தீங்கு நிகழுமாறு யாங்ஙனம் எனில், நம் ஊர்க் கண்மாயைக் கொண்டே விளக்கலாம். இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் சோடியம், கால்சியம், பொட்டாசியம் என்னும் உப்புப் பொருள்கள் புகுதற்கும் போதற்கும் தனித்தனி மடைகள் உள. உட்புகும் மடைகள் திறக்கத் தசை சுருங்கும். பொட்டாசியம் வெளியேறும் மடை திறக்க அது இளைப்பாறி அடுத்த துடிப்புக்குச் சித்தமாகும். ஹெர்க் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டு வழங்கும் வெளிமடையொன்று உண்டு. முற்கூறிய மருந்துகள் இம்மடையை அடைத்துவிட்டன. வடிய வேண்டிய நீர் வடியாது நின்றால் கரை என்னாகும்? அதுவே நெஞ்சுக்கும் ஆயிற்று.

இனி எலியின் சாட்சியைப் பார்ப்போம். சுண்டெலியின் இருதயம் நிமிடத்திற்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிப்பது. நம்முடையது எழுபத்திரண்டு முறை. அவ்வளவு விரைவாகத் துடிக்கும் நெஞ்சில் ஹெர்க் மடைக்குப் பெரிதும் வேலையில்லை. வேறு மடைகளே அத்தொழிலைச் செய்கின்றன. ஆகவே அம்மடையை அடைக்கும் மருந்தை எலிக்கு ஊட்டினால் எலி நலமாகவே இருக்கும். முயலும் நாயும் இவ்விஷயத்தில் ஓரளவு மேலான சாட்சிகள். எனினும் அவையும் அயலார் வழக்கில் சாட்சி சொல்ல வந்தவைகளே.

இந்நிலையில்தான் குருத்தணு என்னும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி உதவிக்கு வந்தது. உயிருள்ள மனிதனின் இருதயத்தினின்றும் தசையை வெட்டியெடுத்துச் சோதிப்பது இயலாத காரியம் அன்றோ? ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் ஷின்யா யமனாக்கா என்னும் அறிஞர் 2006ஆம் ஆண்டில் எலியின் உயிரணுக்களிலும், 2007ஆம் ஆண்டில் மனித உயிரணுக்களிலும் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். வளர்ந்து முதிர்ந்த தோலின் அணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்த, அது தன் முதுமையை மறந்து கருவின் தொடக்கத்தில் இருந்த குருத்து நிலையை அடைந்தது. முற்றிய வாழையிலை மீண்டும் சுருண்டு குருத்தாயிற்று என்றால் நம்புவாருண்டோ? நடந்தது அதுவே. இதற்காக அவர்க்கும், இத்துறையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே வழிகாட்டிய இங்கிலாந்தின் ஜான் கர்டன் என்பார்க்கும் 2012ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இப்பொழுது தோலும் வேண்டுவதில்லை. சிறிதளவு இரத்தமே போதும்.

குருத்தணு எவ்வுறுப்பின் அணுவாகவும் வளர வல்லது. உரிய இரசாயனப் பொருள்களை உரிய நாளில் கொடுத்தும் நிறுத்தியும் வந்தால் அது இருதயத் தசையணுவாகின்றது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில், கிண்ணத்தின் அடியில் படிந்துள்ள அவ்வணுக்கள் எவரும் ஏவாமலே துடிக்கத் தொடங்குகின்றன. நுண்ணோக்கியில் இதனை முதன்முறை காணும் மாணவன் சற்று நேரம் வாய்திறவாது நிற்பான்.

ஆயினும் கிண்ணத்தில் பரந்து கிடக்கும் அணுக்கூட்டம் தசையாகாது. தசைக்கு இழுவிசை வேண்டும். ஜெர்மனி தேசத்தில் தாமஸ் எஷன்ஹாகன் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 1997ஆம் ஆண்டிலேயே கோழிக்கருவின் இருதய அணுக்களைப் பசைப்பொருளொன்றில் கலந்து தசைப் பட்டையாக வளர்த்தனர். பின்னர் மனிதக் குருத்தணுக்களிலிருந்தும் அவ்வாறே செய்யலாயினர். அப்பட்டையை வளையக்கூடிய இரு சிறு தூண்களுக்கிடையே நிறுத்துவர். செல்லூர்ப் பக்கத்து வீதிகளில் நெசவாளர் கழிகளுக்கிடையே பாவு விரித்துக் கட்டிய காட்சியைக் கண்ட முதியோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பட்டை சுருங்குந்தோறும் தூண்கள் வளைகின்றன. வளைவைப் புகைப்படக் கருவி அளக்கின்றது. ஒரு துளி மருந்தை இட்டவுடன் துடிப்பு விரைந்ததா, தளர்ந்ததா, தாளம் தப்பிற்றா என்பதை எண்களாகவே எழுதிவிடலாம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், முன்னரே தன்மை தெரிந்த 28 மருந்துகளைப் பத்து இடங்களில் இத்தகைய இருதய அணுக்களின்மேல் இட்டுப் பார்த்தனர். தீங்கானவற்றையும் தீங்கற்றவற்றையும் அவ்வணுக்கள் பெரும்பாலும் சரியாகவே பிரித்துக் காட்டின.

வியப்பில் ஆழ்ந்து குறைகளை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. இவ்வாறு வளர்த்த தசை முதிர்ந்த மனிதனின் தசையன்று. கருவிலிருக்கும் குழவியின் தசையையே பெரிதும் ஒத்தது. 2018ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், இளந்தசைக்கு மின்துடிப்பைக் கொடுத்து, அதன் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டி, தேகப்பயிற்சி செய்விப்பதுபோல் அதனை முதிரச் செய்தனர். நல்ல முன்னேற்றமே, முழுமை அன்று. மேலும், கிண்ணத்துத் தசைக்குக் கல்லீரல் ஏது? டெர்ஃபெனடின் கதையில் குற்றத்திற்கு வழிவிட்டது கல்லீரல் அன்றோ? ஆதலின் இனி விலங்குச் சோதனையே வேண்டாவென்று முழங்குவாரோடு நாம் சேரமாட்டோம். புதிய சாட்சி வந்தான் என்பதற்காகப் பழைய சாட்சிகளை இன்றே வெளியேற்றுதல் நீதிமன்ற முறையன்று.

நிற்க. மதுரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது என்பதற்கு வருவோம்.

இருதயத் தசையில் மயோசின் என்னும் புரதத்தைப் பற்றி நின்று அதன் இழுப்பை ஒழுங்கு செய்வது மற்றொரு புரதம். அதனை ஆக்கும் மரபணுவை எம்.ஒய்.பி.பி.சி.3 என்பர். அம்மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்தியக் குடும்பங்களில் காணப்பட்டது. இதனை விரிவாக ஆராய்ந்த கட்டுரை 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐதராபாத்து நகரத்து உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் அவர்கள் தலைமை வகித்த அவ்வாராய்ச்சியில், கட்டுரையின் முதற்பெயராக நின்றவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற பெருந்துறை தண்டபாணி அவர்கள். இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர் இவ்விடுபாட்டைச் சுமக்கின்றனர். பிற நாட்டாரிடத்து இது மிக அரிது, அல்லது இல்லவேயில்லை. இதனையுடையார்க்கு இருதயத் தசைநோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் பன்மடங்கு மிகுதி என்பது அக்கட்டுரையின் முடிவு. இளமையில் உடல் பிழைபட்ட புரதத்தைக் களைந்துவிடுகின்றது. வயது ஏற ஏற அது தேங்கி நோயாகின்றது என்பது ஆராய்ந்தோர் கூறிய விளக்கம்.

நூற்றுக்கு நால்வர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். நம் கல்லூரி மண்டபத்தில் ஐந்நூறு பேர் கூடியிருந்தால் அவருள் இருபதின்மர் என்று கணக்கிடுக. மதுரை மாவட்டத்தின் மக்கள் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி முப்பது இலட்சத்திற்கும் மேல். அந்த நால்வர் கணக்கு இங்கும் பொருந்துமாயின், மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வரை பரந்த இச்சமவெளியில் இலட்சத்திற்கு மேற்பட்டோர் இவ்வேறுபட்ட மரபணுவோடு மருந்து உண்டு வாழ்கின்றனர். தம்மிடத்து அது உண்டென்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்?

இக்கதைக்குப் பின்னும் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவில் வாழும் தெற்காசிய மக்களை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, 25 எழுத்து விடுபாட்டை உடையாருள் ஒரு சிறு பகுதியினரிடத்து, அதே மரபணுவில் டி389வி என்னும் இரண்டாம் மாற்றமும் இருத்தலைக் கண்டது. இரு மாற்றங்களும் ஒருங்கே உடைய குருத்தணுக்களிலிருந்து இருதய அணுக்களை வளர்த்துப் பார்த்தபொழுது அவை பருத்துக் காணப்பட்டன. கால்சியத்தின் போக்குவரவும் ஒழுங்கற்றிருந்தது. நோய்க்கு விடுபாடு மட்டுமே காரணமன்று, அதனோடு ஒளிந்துவந்த துணைவனே பெருங்குற்றவாளியாகலாம் என்னும் ஐயம் இவ்வாறு வலுப்பெற்றது. இரத்தத்தில் எழுத்தைப் படித்தறிவதோடு நின்றிருந்தால் இவ்வேறுபாடு இவ்வளவு தெளிவாய் விளங்கியிராது. துடிக்கும் தசையைக் கேட்டபின்னரே விளங்கிற்று.

மருந்து விஷயத்திலும் இத்தகைய சான்று ஒன்று உண்டு. டாக்ஸோருபிசின் என்பது மார்பகப் புற்றுநோய் முதலியவற்றிற்கு உலகெங்கும் கொடுக்கப்படும் செந்நிற மருந்து. நோயை மாற்றும் அம்மருந்தே சிலருடைய இருதயத்தைக் கெடுத்துவிடும். வேறு பலர்க்கு ஒன்றும் செய்யாது. யாரைக் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அரிது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இருதயம் கெட்ட பெண்டிரிடமிருந்தும் கெடாத பெண்டிரிடமிருந்தும் குருத்தணு வழியாக இருதய அணுக்களை வளர்த்து, இரண்டின்மேலும் அம்மருந்தை இட்டனர். கெட்டவருடைய அணுக்கள் எளிதில் கெட்டன, மற்றவருடையவை தாங்கின. ஆகவே வளர்த்த தசை பொதுவான மனித நெஞ்சம் அன்று. அஃது இன்னாருடைய நெஞ்சம். கிண்ணத்தில் இருப்பினும் அது தன் உடையவரை மறப்பதில்லை.

அங்ஙனமாயின், உலகத்து மருந்துச் சோதனைகளில் துடிக்கும் நெஞ்சங்கள் யாருடையவை? சேமிப்புகளில் உள்ள குருத்தணுத் தொகுதிகளுள் மிகுதியானவை ஐரோப்பிய வமிசத்தாருடையவை. மனிதரை வைத்துச் செய்யும் பரிசோதனைகளும் இவ்வாறே. தடித்த இருதயத் தசைநோய்க்கென்றே ஆக்கப்பட்ட மாவகாம்டென் என்னும் மருந்து 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையாயிருந்த பெரும்பரிசோதனையில் பங்குகொண்ட 251 பேருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். மருந்தைக் குறைகூறுவது நம் கருத்தன்று. நல்ல மருந்தென்றே வைத்தியர் கூறுகின்றனர். நம் மரபணு விடுபாடு எந்த மருந்தின் விளைவையும் மாற்றும் என்று நாம் சாதிக்கவும் வரவில்லை. மாற்றுமா, மாற்றாதா என்று கேட்டறிதற்கு உரிய சாட்சியை இன்னும் கூண்டில் ஏற்றவில்லை என்பதே நம் முறையீடு.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். விடியற்காலை முதல் அரசு இராசாசி மருத்துவமனையின் வாயிலில் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் ஏழைக்கு, கிண்ணத்தில் துடிக்கும் தசையினால் யாது பயன்? அப்பொருளைக் கொண்டு இன்னும் நான்கு கட்டில் போடலாகாதா? இதனை எளிதிற் புறக்கணிக்க இயலாது. கட்டிலும் வேண்டும். ஆனால் மருந்தின் தீங்கு யாரைக் கடுமையாகத் தாக்கும் என்று எண்ணிப் பார்மின். செல்வர் ஒருவர் புதிய மாத்திரையை உண்டால், மாதந்தோறும் இருதய மின்வரைபடம் எடுத்துப் பார்ப்பார். மாறுதல் கண்டவுடன் மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். மேலூருக்கு அப்பாலிருந்து ஒருநாட் கூலியை இழந்து வருபவர், இரண்டு திங்களுக்கு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனால் மீண்டும் வருவது மாத்திரை தீர்ந்தபின்தான். இடையில் நெஞ்சு படபடத்தால் வெயில் என்பார், பித்தம் என்பார். கடைக்கு வருமுன் செய்யும் சோதனையே அவர்க்குக் காவல். கடைக்கு வந்தபின் காப்பார் அவர்க்கு இல்லை.

மற்றொரு தடை இதனினும் நுண்ணியது. இந்தியர் நெஞ்சம் என்று ஒரு தனி நெஞ்சம் உண்டென்று சொல்லி, மக்களைப் பிறப்பினாற் பிரிக்கும் பழைய தீமைக்கு விஞ்ஞானச் சட்டை போடுகிறீர்களா என்பர். இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரிடத்து இவ்விடுபாடு இல்லை என்பதை நினைவிற்கொள்க. இச்சமவெளியிலேயே, உறவுக்குள் பெண்கொண்டு கொடுத்துவந்த வழக்கத்தால், ஒரு வகுப்பாரிடத்து மிகுந்த மரபணு மாற்றம் அடுத்த தெருவாரிடத்து அரிதாயிருத்தல் கூடும். ஒரு நெஞ்சத்தைக் கொண்டு இந்தியா என்று பெயரெழுதி ஒட்டுவதும், ஒரு நெஞ்சத்தைக் கொண்டு மனிதன் என்று பெயரெழுதி ஒட்டுவதும் ஒரே பிழைதான். நாம் கேட்பது பல நெஞ்சங்கள்.

இதனைச் செய்தற்குரிய கைகள் நம் அருகிலேயே உள. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குருத்தணு ஆராய்ச்சி மையம் நடந்துவருகின்றது. அஃது இணைந்துள்ள பெங்களூர் நிறுவனத்திலேயே தண்டபாணி அவர்களும் பின்னர்த் தம் இருதய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மதுரையில் பெரும்பொருட் செலவில் புதிய சோதனைச்சாலை கட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் இங்கே இருக்கின்றனர். அவர்களை அறிந்த மருத்துவர் இங்கே இருக்கின்றனர். சில பத்துப் பேருடைய இரத்தம், அவர்தம் நோய் வரலாற்றோடு, வளர்க்கத் தெரிந்தவரிடம் போய்ச் சேரவேண்டும். இந்தியாவில் புதிய மருந்துக்கு அனுமதி கேட்கும் கம்பெனியார் அத்தசையிலும் சோதித்த கணக்கைக் காட்டவேண்டும் என்று அரசாங்கம் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் திருத்தம் வாயிலைத் திறந்துவைத்தது. உள்ளே வருமாறு ஒருவரையும் பணிக்கவில்லை. இதற்கிடையே, குருத்தணுவைக் கொண்டு எந்நோயையும் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்து பெரும்பணம் பறிப்பாரும் உளர். அவரோடு இவ்வாராய்ச்சியை ஒன்றாக எண்ணலாகாது. நாம் பேசுவது மருந்தைச் சோதிப்பதைப் பற்றியே.

இனி, இரத்தம் கொடுப்பவரைப் பற்றி. இம்மண்ணின் இரத்தம் உலகிற்குப் பாடம் சொன்னது இதுவே முதன்முறை அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்கள் மதுரைக்கு மேற்கேயுள்ள ஊர்களில் திரட்டிய இரத்தத்திலிருந்தே, ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட ஆதி மனிதரின் கடற்கரை வழிக்குச் சான்றான எம்130 என்னும் அடையாளம் நம்மிடையே வெளிப்பட்டது. கண்தானத்திற்கும் இவ்வூரார் பின்வாங்கியவர் அல்லர். ஆனால் கண்ணைக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. குருத்தணுவாக மாற்றப்பட்ட இரத்தம் முடிவின்றிப் பெருகும். கொடுத்தவர் மறைந்தபின்னும் அவர் நெஞ்சம் ஏதோ ஒரு நாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். அதனை விலைக்கு விற்பாரும் இருப்பர். அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பின மாதின் புற்று அணுக்களை 1951ஆம் ஆண்டில் அவர் அறியாமலே எடுத்து உலகெங்கும் வளர்த்தனர். அவற்றை விற்றுவந்த ஒரு கம்பெனி அவர் குடும்பத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டது 2023ஆம் ஆண்டில்தான்.

ஆகவே ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டிக் கைரேகை வாங்குவதை நாம் ஏற்கமாட்டோம். அணுக்கள் எங்கே போகும், விற்கப்படுமா, வேண்டாமென்று பின்னர்ச் சொன்னால் அழிக்கப்படுமா என்பன நல்ல தமிழில், வாய்மொழியாகவும், கொடுப்பவர் கேள்வி கேட்டு ஓயும்வரையும் சொல்லப்படவேண்டும். இவற்றினும் கடினமானதொன்று உண்டு. ஒருவருடைய அணுவில் அம்மாற்றம் காணப்பட்டால் அதனை அவர்க்குச் சொல்வதா? சொன்னால், அவர் தம்பிக்கும் மகட்கும் சொல்வது யார்? மணப்பேச்சு நடக்கும் வீட்டில், பெண்ணுக்கு நெஞ்சில் குறை என்று ஊரில் ஒரு சொல் பரவினால் அதன் பயனை நாம் அறிவோம். சொல்லாது விட்டால், நாற்பது வயதில் வயலில் வீழ்ந்துபோகக்கூடிய ஒருவனை முன்னரே அறிந்தும் வாளாவிருந்தவராவோம். இக்கேள்விக்கு வேலூரிலோ பெங்களூரிலோ விடை எழுதி அனுப்ப இயலாது. இரத்தம் கொடுக்கும் குடும்பங்களோடு மருத்துவரும், அக்குடும்பங்களிலிருந்தே நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டியது. அதுவும் முதற்குழாய் இரத்தம் எடுக்கப்படுமுன்.